வெள்ளாயணி வயல்களும் வலசைப் பறவைகளும்

திருவனந்தபுரத்திற்கு வரும் பயணிகளில் பெரும்பாலோர் பத்மநாப சுவாமி கோயிலையும் கோவளம் கடற்கரையையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். நகரின் தென்புறத்தில் பரந்து கிடக்கும் வெள்ளாயணி ஏரியையும் அதை அடுத்த புஞ்சக்கரி வயல்களையும் நாடி வருவோர் சிலரே. நுழைவாயிலோ அனுமதிச் சீட்டோ இல்லாத இடம் இது. வரப்பிலும் வயலிடைச் சாலையிலும் நடந்தே சுற்றிப் பார்க்கலாம்.

‘புஞ்சை’ என்றதும் தமிழ்நாட்டு வாசகருக்கு வறண்ட மேட்டு நிலமே நினைவுக்கு வரும். கேரளத்திலோ ‘புஞ்ச’ என்பது, தேங்கிய நீரை வடித்துவிட்டுத் தாழ்நிலத்தில் விளைவிக்கும் நெல்லைக் குறிக்கும். இப்பகுதியின் தன்மையை விளக்க இச்சொல் ஒன்றே போதும். கேரளக் கடலோரத்தில் உள்ள பெரும்பாலான காயல்களில் உவர்நீர் கலந்திருக்க, வெள்ளாயணி நன்னீர் ஏரியாக விளங்குகிறது. சுற்றுவட்டாரத்தின் குடிநீர்த் தேவைக்கும் இது பயன்படுகிறது. உணவுப் பற்றாக்குறை நிலவிய காலத்தில் ஏரியின் ஒரு பகுதி நீரை இறைத்து, அங்கு நெல் பயிரிட்டனர். அவ்வழக்கம் பின்னர் நின்றுபோயிற்று. 1955இல் தொடங்கப்பட்ட வேளாண்மைக் கல்லூரியும் இவ்வேரியின் அருகிலேயே அமைந்துள்ளது.

ஆகவே, இயற்கை எழில் எனப் பயணி கண்டு மகிழும் இச்சதுப்பு நிலம், ஓரளவுக்கு உழவன் ஆக்கியது. அவன் உழைப்பால் நிலைத்திருப்பது. நாற்று நடவுக்காக நீர் கட்டும்போது உள்ளான்கள் வந்திறங்குகின்றன. உழும்போது புரளும் மண்ணில் புழு பூச்சிகளைத் தேடிக் கொக்குகளும் வாலாட்டிகளும் பின்தொடர்கின்றன. நத்தைகளை நத்தை குத்தி நாரை உண்கிறது. இலைக்கோழி, முக்குளிப்பான், செந்நாரை, சீழ்க்கைச் சிரவி ஆகியவற்றையும் இங்குக் காணலாம். வலசைப் பறவைகளைக் காண அக்டோபர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். வெயில் ஏறுமுன் செல்வது நல்லது. ஒன்பது மணிக்குப் பிறகு செல்வோர் காண்பது பெரும்பாலும் வயலை மட்டுமே! இருகண் நோக்கி ஒன்று கையிலிருந்தால் பயிருக்குள் இறங்க வேண்டிய தேவையும் இராது.

பயணிகள் பெரிதும் விரும்பிப் பார்க்கும் நீலத் தாழைக்கோழியைப் பற்றி உழவரிடம் கேட்டால் வேறு விடை கிடைக்கும். இளம் பயிரின் தண்டைக் கடித்து முறிக்கும் பறவை அது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றம். பறவையைக் காணும் இன்பம் நகரத்தாருக்கு. அதற்குத் தீனியிடும் செலவு வயலுடையோருக்கு. பொருளாதார நோக்கில் இது ஒரு கணக்குப் பிழையே. இப்பிழை நீடிக்குமாயின், வயலில் மண்மேடு இட்டு வாழையும் மரவள்ளியும் நடுவதே இலாபகரமாகத் தோன்றும். மேடாக்கிய நிலத்தில் நீர் நில்லாது. நீரில்லா நிலத்தை உள்ளான் நாடாது.

கேரளத்தின் நெற்பரப்பு 1970களின் நடுவில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்தது. பின்னர் அது ஏறக்குறைய 2 லட்சம் ஹெக்டேராகக் குறைந்தது. இச்சரிவைத் தடுக்க, நெல்வயல் மற்றும் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008இல் இயற்றப்பட்டது. தடை மட்டும் போதாது என்பதை மாநில அரசும் உணர்ந்திருக்க வேண்டும். வயலை நெல்லுக்குரிய நிலமாகவே பேணும் உடைமையாளருக்கு, ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 2,000 ரூபாய் உரிமைத்தொகை வழங்கும் திட்டத்தை அது 2020இல் தொடங்கியது. நீரைத் தேக்குவதும் நிலத்தடி நீரைப் பெருக்குவதும் பறவைகளைப் புரப்பதும் நெல்லுக்கு அப்பாற்பட்ட விளைச்சல்கள். அவற்றிற்கும் விலையுண்டு என ஏற்றுக்கொண்டது இத்திட்டத்தின் சிறப்பாகும். தொகை சிறிது என்பதில் ஐயமில்லை. தாழைக்கோழி அழிக்கும் பயிரின் மதிப்பைக்கூட அது ஈடுசெய்யுமா என்பது கேள்விக்குரியது. குத்தகைக்கு உழுவோரின் நிலை இன்னும் சிக்கலானது: உரிமைத்தொகை உடைமையாளருக்குச் செல்கிறது, நடவும் பறவை விரட்டுதலும் குத்தகையாளரின் பொறுப்பாக நிற்கின்றன.