சிரிப்புப் படந்தானே என்று விட்டுவிடலாமா?

நத்தார் விடுமுறையும் எமது சின்னஞ்சிறு பிள்ளைகளும்

டிசம்பர் விடுமுறை தொடங்கியதும் லயங்களில் பிள்ளைகளின் சத்தம் கூடிவிடுகிறது. வரக்காப்பொலையைச் சூழவுள்ள இறப்பர் தோட்டங்களில் பெற்றோர் காலையிலேயே பால் வெட்டப் போய்விடுகிறார்கள். வீட்டிலிருக்கும் பிள்ளைகளைச் சற்று நேரம் ஓரிடத்தில் உட்கார வைக்கத் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் கைகொடுக்கின்றன. இக்காலத்தில் உலகெங்கும் ஆண்டுதோறும் திரும்பத் திரும்பப் பார்க்கப்படும் படம் ஒன்று உண்டு. அதுதான் 'ஹோம் அலோன்'. 'வீட்டில் தனியே' என்பது இதன் பொருள்.

நத்தார்ப் படம், குடும்பப் படம், சிரிப்புப் படம் என மூன்று நற்பெயர்கள் இதற்கு இருக்கின்றன. ஆகவே மூன்று வயதுக் குழந்தை முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வரை எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துவிடுகிறோம். இது சரிதானா? கண்டி வீதியில் போவோர் வரக்காப்பொலையில் இறங்கி வாங்கும் தலகுலி சுவையானது. ஆனாலும் பல் முளைக்காத குழந்தையின் வாயில் அதை எவரும் வைப்பதில்லை. படத்தையும் அப்படியே வயதறிந்து கொடுக்க வேண்டும்.

கதை என்ன?

இப்படம் 1990 நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்தது. ஜோன் ஹியூஸ் எழுத, கிறிஸ் கொலம்பஸ் இயக்கினார். மெக்கோலி கல்கின் நடித்த கெவின் என்னும் எட்டு வயதுச் சிறுவனே கதாநாயகன். சிகாகோ நகருக்கு அருகே வாழும் ஒரு பெரிய குடும்பம் நத்தாரைக் கொண்டாடப் பாரிஸ் நகருக்குப் புறப்படுகிறது. முதல்நாள் இரவு வீட்டில் சண்டை. தண்டனையாக மேல்மாடி அறைக்கு அனுப்பப்பட்ட கெவின், இந்தக் குடும்பமே மறைந்து போகட்டும் என்று விரும்பியபடி உறங்குகிறான். இரவில் மின்சாரம் தடைப்பட்டு மணிக்கூடு பிழைத்துவிட, காலையில் எல்லோரும் பிந்தி எழும்பி அவசரமாக ஓடுகிறார்கள். கெவின் வீட்டில் விடுபட்டுப் போகிறான்.

அந்த வீட்டில் திருட இருவர் வருகிறார்கள். சிறுவன் வீடெங்கும் பொறிகளை வைத்து அவர்களை எதிர்க்கிறான். இறுதியில் திருடர்கள் பிடிபடுகிறார்கள். நத்தார் காலையில் தாய் வந்து சேர்கிறார். இடையே, பிள்ளைகள் அஞ்சி ஒதுங்கும் அயல்வீட்டு முதியவர் ஒருவரைக் கெவின் தேவாலயத்தில் சந்திக்கிறான். மகனுடன் கோபித்துப் பிரிந்திருக்கும் அம்முதியவர், முடிவில் மகனுடன் ஒப்புரவாகிறார். தன் பயத்தைத் தானே வெல்லும் சிறுவன், பிள்ளையைத் தேடி இரவு பகலாக அலையும் தாய், மன்னிக்கும் குடும்பம் என நல்ல செய்திகள் இதில் உண்டு என்பதை மறுக்க முடியாது.

வலிக்காத அடி

படத்தின் பிற்பகுதி முழுவதும் அடியும் விழுகையுமே. சிவக்கக் காய்ந்த கதவுக் கைப்பிடியை ஒரு திருடன் பிடிக்கிறான். தலையில் தீ பற்றுகிறது. முகத்தில் இஸ்திரிப்பெட்டி விழுகிறது. கயிற்றில் கட்டிய நிறப்பூச்சு டின்கள் ஆடிவந்து மோதுகின்றன. வெறுங்காலில் ஆணி ஏறுகிறது. திருடர்கள் அலறுகிறார்கள்; அடுத்த நிமிடம் எழுந்து நடக்கிறார்கள். நாம் சிரிக்கிறோம்.

நாம் ஏன் சிரிக்கிறோம்? அது நடிப்பு என்பது எமக்குத் தெரியும். பயிற்சி பெற்றவர்கள் தக்க பாதுகாப்புடன் விழுகிறார்கள் என்பதும் தெரியும். இஸ்திரிப்பெட்டி மெய்யாகவே முகத்தில் விழுந்தால் என்னாகும் என்பதை நாம் வாழ்ந்து அறிந்திருக்கிறோம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு இவ்வறிவு இன்னும் வரவில்லை. இரத்தம் காட்டும் படமென்றால் அது பயந்து கண்ணை மூடிக்கொள்ளும். இரத்தமும் காயமும் இல்லாத அடியோ, 'அடித்தால் ஒன்றும் ஆகாது. எல்லோரும் சிரிப்பார்கள்' என்ற தவறான பாடத்தைக் கற்பிக்கக்கூடும்.

பிள்ளைகள் கண்டதைச் செய்வார்கள் என்பது எமது முன்னோர் அறிந்த உண்மை. 1961 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் அல்பேர்ட் பண்டுராவும் அவருடன் பணியாற்றியோரும் இதைச் சோதித்துப் பார்த்தனர். ஏறக்குறைய மூன்று முதல் ஆறு வயது வரையான 72 பிள்ளைகள் அதில் பங்குகொண்டனர். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைக் கண்ட பிள்ளைகளில் பலர், அதே அடியை அடித்து, அவர் சொன்ன அதே சொற்களையும் சொன்னார்கள். 1963 இல் இதைத் திரைப்படமாகக் காட்டியபோதும் பிள்ளைகள் அவ்வாறே செய்தனர். பொம்மையை அடித்த பிள்ளை மனிதரையும் அடிக்கும் என்று இதனால் முடிவுகட்ட முடியாது. ஆயினும் திரையில் கண்டது சிறுபிள்ளையின் கைக்கு எவ்வளவு விரைவில் வந்துவிடுகிறது என்பது தெளிவாகிறது.

கெவினின் வீட்டில் இருந்தவை நிறப்பூச்சு டின்னும் இஸ்திரிப்பெட்டியும். எமது காம்பராவில் இருப்பவை எவை? மண்ணெண்ணெய் விளக்கு, விறகடுப்பு, பால் வெட்டும் கத்தி. சிலரது வீட்டில் இறப்பர் பாலை உறைய வைக்கும் போமிக் அசிட் போத்தலும் இருக்கும். பெரியவர்கள் வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளைகள் 'திருடன் விளையாட்டு' விளையாடினால், கைக்கு எட்டுபவை இவைதான்.

அம்மா வராத வீடு

பெரியவர்களின் கண்ணில் படாத வேறொரு விடயமும் இப்படத்தில் உண்டு. எமக்குத் திருடர்களே முக்கியம். சிறுபிள்ளைக்கோ தாய் தன்னை விட்டுப் போனதே முக்கியம். அதிலும், 'மறைந்து போகட்டும்' என்று கெவின் நினைத்தான். விடிந்தபோது ஒருவரையும் காணவில்லை. தான் நினைத்ததால்தான் அப்படி நடந்தது என்று அவன் நம்புகிறான். படத்தில் இது வேடிக்கை. ஆனால் தம் நினைப்பாலும் சேட்டையாலும்தான் பெரிய காரியங்கள் நடக்கின்றன என்று எண்ணுவது சின்னப் பிள்ளைகளின் இயல்பு.

எமது தோட்டங்களில் எத்தனையோ தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளில் வீட்டுப் பணி செய்கிறார்கள். 2013 இல் 'குடும்பப் பின்னணி அறிக்கை' நடைமுறைக்கு வந்தபோது, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் இவ்வேலைக்குப் போவது தடுக்கப்பட்டது. 2022 இல் அந்த எல்லை இரண்டு வயதாகக் குறைக்கப்பட்டது. ஆகவே மூன்று, நான்கு வயதிலேயே தாயைப் பிரிந்து அம்மாயியிடமோ அப்பாயியிடமோ வளரும் பிள்ளைகள் எம்மிடையே உண்டு. அப்பிள்ளை இப்படத்தைப் பார்த்து, 'நான் சேட்டை செய்ததால்தான் அம்மா போய்விட்டார்' என்று மனதுக்குள் முடிவு செய்யலாம். 'சில நாட்களிலேயே கெவினின் அம்மா வந்துவிட்டார். என் அம்மா ஏன் வரவில்லை?' என்றும் ஏங்கலாம். வாய்விட்டுச் சொல்லாது. இரவில் படுக்கையை நனைக்கும், காரணமின்றி அழும், பாட்டியின் சேலையை விடாது. இவற்றைக் கண்டால் பிள்ளையைத் திட்டாமல் அருகில் இருத்திப் பேசுங்கள்.

மொழியையும் கவனியுங்கள். ஆங்கிலம் விளங்காத பிள்ளைக்குத் தாயின் தவிப்பும் முதியவரின் மனமாற்றமும் எட்டுவதில்லை. அவை பேச்சிலேயே இருக்கின்றன. அடியும் உதையும் மட்டும் மொழி இல்லாமலே விளங்கும். நல்லது வடிந்துபோக, மிஞ்சுவது அடிதான்.

வயதைக் கண்டறிவது எப்படி?

இப்படத்துக்கு அமெரிக்காவில் கிடைத்தது 'பி.ஜி.' என்ற சான்று. பெற்றோரின் வழிகாட்டல் வேண்டும், சில பகுதிகள் பிள்ளைகளுக்குப் பொருந்தாதிருக்கலாம் என்பது இதன் பொருள். இந்தியாவில் 2023 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், 'யு/ஏ' சான்றை 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரித்தது. ஆகவே இந்தியாவிலிருந்து வரும் புதிய தமிழ்ப் படங்களிலும் இவ்வயது எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சான்று வழிகாட்டுமேயன்றி, எமது பிள்ளையை அறியாது. கைத்தொலைபேசியில் படம் ஓடும்போது வாசலில் நிற்கும் காவலர் பெற்றோரே.

எமது ஆலோசனை இது:

1. ஐந்து வயதும் அதற்குக் கீழும்: காட்டாதிருப்பதே நலம். உலக சுகாதார அமைப்பு 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, இரண்டு முதல் நான்கு வயதுவரை திரை பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்தை மீறக்கூடாது. அதிலும் குறைந்தால் இன்னும் நல்லது. இரண்டு வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம். இப்படமோ ஏறக்குறைய 103 நிமிடம்.

2. ஆறு, ஏழு வயது: பெரியவர் ஒருவர் அருகில் இருந்தால் மட்டும். இடையிடையே நிறுத்தி, "இந்த மாமா மெய்யாகவே விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல விடுங்கள்.

3. எட்டு வயதும் அதற்கு மேலும்: பெரும்பாலான பிள்ளைகள் நடிப்பையும் நிசத்தையும் பிரித்தறிவார்கள். இருந்தாலும் தம்பி தங்கையுடன் இவ்விளையாட்டு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். படத்தில் சில கெட்ட வார்த்தைகளும் உண்டு.

4. தாயோ தந்தையோ தூரத்தில் இருக்கும் பிள்ளை: வயது எதுவானாலும் தனியே பார்க்க விட வேண்டாம். பார்த்த அன்றே தாயுடன் தொலைபேசியில் பேச வையுங்கள். 'நீ செய்த எதனாலும் நான் போகவில்லை' என்று தாயின் வாயாலேயே கேட்கட்டும்.

நத்தார் காலத்தில் ஆலய மண்டபத்திலோ சனசமூக நிலையத்திலோ பிள்ளைகளுக்குப் படம் காட்டுவோரும் இதைக் கவனிக்க வேண்டும். யாராவது ஒருவர் முதலில் முழுப் படத்தையும் பார்த்துவிட வேண்டும். சிறியவர்களுக்கு அந்நேரத்தில் கதையோ பாட்டோ வேறிடத்தில் ஒழுங்கு செய்யலாம்.

சேட்டையில் பிள்ளை சுட்டுக்கொண்டால், சுட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். அசிட் பட்டால் அது பட்ட உடுப்பைக் கழற்றி, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவியபின், தாமதியாமல் வரக்காப்பொல ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். விடுமுறை தொடங்குமுன் அசிட் போத்தலையும் கத்தியையும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைத்துப் பூட்டிவிடுங்கள். படம் காட்டினாலும் காட்டாவிட்டாலும் இது செய்ய வேண்டிய காரியம்.