ஹாலிஎல ஸ்டோருக்குள் ஒரு வாசத் திருவிழா

ஆகஸ்ட் மாதத்து விடியற்காலை, மணி 3. ஹாலிஎல ஸ்டேஷனில் ஆள் அரவமில்லை. லயங்களில் விளக்கு அணைந்து கிடக்கிறது. மலைமேட்டுத் தேயிலை ஸ்டோரில் மட்டும் ஜன்னலெல்லாம் வெளிச்சம். வாங்க, செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவோம். அங்கே ஒரு வாசத் திருவிழாவே நடக்கிறது!

முதலில் மேல்மாடி. நேற்று மடுவத்தில் நிறுத்த கொழுந்து நீளநீளத் தொட்டிகளில் வலைமேல் பரப்பிக் கிடக்கிறது. அடியிலிருந்து காற்று ஊதிக்கொண்டே இருக்கிறது. பறித்தபோது அதன் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். ராத்திரி முழுக்க வாடியதில் அதில் நிறைய வற்றிவிட்டது. ஒரு பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள். முறியாமல் துணி மாதிரி மடங்குகிறது. அப்படியே மூக்கருகே கொண்டுபோங்கள். பச்சைப்புல் வாசம் தணிந்து, ஆப்பிள் வாசம் எழும்புகிறதே!

இந்த வாசக் கூட்டத்தில் முக்கியமான ஆட்கள் பலரும் ஆல்ககால் குடும்பம். ஆல்ககால் என்றால் நமக்குச் சாராயம்தான் ஞாபகம் வரும். அது எத்தனால், 2 கார்பன் கொண்ட சின்ன உறுப்பினர். இதே ஊவா மாகாணத்தில், பெல்வத்தைச் சீனி ஆலையில் கரும்புக் கழிவுப்பாகிலிருந்து வடிப்பது அதைத்தான். ஆனால் குடும்பம் ரொம்பப் பெரியது. கார்பன் சங்கிலியில் ஓர் ஆக்சிஜன், அதன் கையைப் பிடித்தபடி ஒரு ஹைட்ரஜன்: இதுதான் குடும்ப அடையாளம்.

பச்சை வாசத்துக்குச் சொந்தக்காரர் ஹெக்ஸெனால், 6 கார்பன். 'இலை ஆல்ககால்' என்றே அதற்குப் பேர். இலை காயப்பட்டதும் அதிலுள்ள லினோலெனிக் அமிலத்தை நொதிகள் வெட்டுகின்றன. முதலில் ஆல்டிஹைடு, அதிலிருந்து இந்த ஆல்ககால். மலர் வாசத்துக்கு லினலூல், ரோஜா வாசத்துக்கு ஜெரானியால். இந்த இரண்டையும் எண்ணிப் பார்த்தால் சிலிர்க்கிறது: இதிலும் 10 கார்பன், 18 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன், அதிலும் அதே! சாமான் ஒன்றுதான், அடுக்கிய விதம் வேறு. மூக்குக்கு அவை இரண்டு தனித்தனிப் பூக்கள்!

படியிறங்கிக் கீழே வாருங்கள். ரோலர்கள் வட்டமடிக்கின்றன. அரைபடும் கொழுந்து பச்சையிலிருந்து செம்புநிறத்துக்குக் கண்ணெதிரே மாறுகிறது. உயிரோடு இருக்கும் இலையில் லினலூலும் ஜெரானியாலும் பெரும்பகுதி சர்க்கரை மூலக்கூறோடு பூட்டப்பட்டிருக்கின்றன. பூட்டியிருக்கும்வரை வாசமே வராது. சாவி வைத்திருக்கும் நொதியோ இலைக்குள் வேறோர் இடத்தில் ஒதுங்கியிருக்கிறது. ரோலர் செல்லை உடைத்ததும் இரண்டும் சந்திக்கின்றன. பூட்டு திறந்து அறை முழுக்கப் பூ வாசம்!

அடுத்த கட்டத்தை ஃபெர்மென்டிங் என்கிறார்கள். ஆனால் இங்கே ஈஸ்டுக்கு வேலையில்லை, எத்தனாலும் உருவாவதில்லை. காற்றின் ஆக்சிஜன் இலையின் கேட்டசின்களைத் தியாஃபிளேவின்களாகவும் தியாருபிஜின்களாகவும் மாற்றுகிறது. நிறமும் துவர்ப்பும் அங்கேதான் அமைகின்றன. லினலூலிலும் கொஞ்சம் ஆக்சைடாகிப் புதுவாசம் தருகிறது.

இத்தனை குதூகலத்துக்கும் ஏன் ஆகஸ்ட்? கச்சான் காற்று! தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு, காய்ந்த காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. ஜூலையிலிருந்து செப்டெம்பர்வரை செடி தாகத்தில் தவிக்கிறது, வளர்ச்சி குறைகிறது, வாசம் ஏறுகிறது. அப்போதுதான் ஊவாவின் அடையாளமான அந்தக் குளிர்ந்த, தைலம் போன்ற வாசம் தலைதூக்கும். அது மெத்தில் சாலிசிலேட். மூட்டுவலித் தைலத்தில் மணப்பதும் அதே பொருள்தான். வேதியியல் கணக்கில் அது மெத்தனாலும் சாலிசிலிக் அமிலமும் சேர்ந்த எஸ்டர். தனியாகக் குடித்தால் கண்ணைப் பறிக்கும் மெத்தனாலின் மிச்சம், இங்கே ஊவாவின் பெருமையாக மணக்கிறது! 1973இல் விக்ரமசிங்கவும் ஜப்பானின் யமனிஷியும் உடன் உழைத்தவர்களும் இலங்கைத் தேயிலையின் வாசத்தைக் கருவியில் பிரித்துப் பார்த்து ஆய்வு வெளியிட்டார்கள்.

கடைசியாக உலர்த்தி. கிட்டத்தட்ட 100 பாகை வெப்பக் காற்று நொதிகளை நிறுத்தி, ஈரத்தை 3 சதவீதம் அளவுக்கு இறக்குகிறது. 100 கிலோ கொழுந்து போட்டால் சுமார் 22 கிலோ தூள். இந்தச் சூட்டில் ஹெக்ஸெனாலில் பெரும்பகுதி பறந்துவிடும். கனமான லினலூலும் ஜெரானியாலும் கூடுதலாகத் தங்கிக் கப்பல் ஏறும்.

வெளியே வந்தால் விடிந்துவிட்டது. பெரட்டு முடிந்து அக்காமார் கூடையோடு மலை ஏறுகிறார்கள். இரண்டு இலையும் ஓர் அரும்பும், நசுங்காமல். கையிலேயே நசுங்கினால் பூட்டு அங்கேயே திறந்து, வாசம் வழியிலேயே தொலையும். ஆகவே இந்த ரசாயனத்தின் முதல் நொடி ஸ்டோரில் இல்லை, அவர்கள் விரல்நுனியில் இருக்கிறது. மத்தியானம் அந்த விரல்களில் பச்சை வாசம் ஏறியிருக்கும். ஹெக்ஸெனால்! உலர்த்தியில் பறந்து, எந்த ஏலத்துக்கும் போகாத அந்த ஆல்ககால், பறித்தவர் கையோடு லயத்துக்குப் போகிறது.