பசித்த படையும் உறங்காத அறிவும்

பெரம்பலூரிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிச் செல்வோர் கண்ணில் ரஞ்சன்குடிக் கோட்டை படாமற் போகாது. 1751-ஆம் ஆண்டில் இக்கோட்டையையும் வாலிகண்டபுரத்தையும் சூழ்ந்த நிலத்தில் ஒரு போர் மூண்டது. ஒருபுறம் முகமது அலியும் ஆங்கிலேயரும். மறுபுறம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும். கோட்டையை இரவில் தாக்கி, பிடிக்க இயலாது திரும்பிய ஆங்கிலப்படை, எதிரிகள் முன்னேறி வரக் கண்டதும் கலங்கி ஓடியது. ஊட்டத்தூர் வழியே திருச்சிராப்பள்ளிக்குப் பின்வாங்கியது.

அச்சம் என்னும் ஒரே சொல்லால் அந்த ஓட்டத்தை விளக்கிவிடுவது எளிது. ஆயினும், போரிலே கழிந்த இரவு மனித அறிவை என்ன செய்யும் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் உடல் எடையில் மூளையின் பங்கு நூற்றுக்கு இரண்டே. ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. பசி வந்தால் பத்தும் பறந்துபோம் என்று நம் முன்னோர் சொன்னது வெறும் பேச்சன்று. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில், போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராத 36 இளைஞர்கள் தாமே முன்வந்து, ஆறு மாத காலம் அரைவயிறு உண்டு வாழ்ந்தனர். அறிவுத் தேர்வுகளில் அவர்கள் பெரிதாகப் பின்தங்கவில்லை. ஆனால் மனத்தை ஒன்றில் நிறுத்த முடியவில்லை என்று முறையிட்டனர்; எரிச்சலுற்றனர்; சோற்றையே நினைத்தனர்; சிலர் சமையற் புத்தகங்களைச் சேகரிக்கலாயினர். பசி அறிவை அழிக்கவில்லை, அதைச் சிறைப்பிடித்துக்கொண்டது.

உறக்கமின்மையோ இன்னும் வஞ்சகமானது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் பிரிவில் பயிற்சி பெற்ற 68 வீரர்கள் 72 மணி நேரம் ஏறக்குறைய உறக்கமின்றி இருந்தபோது, அவர்களது விழிப்பு, நினைவாற்றல், கற்கும் திறன் ஆகிய அனைத்தும் குன்றின. காப்பியிலுள்ள காஃபீன் விழிப்பை ஓரளவு மீட்டது. குறிபார்த்துச் சுடும் திறனை மீட்கவில்லை. நாளுக்கு ஆறு மணி நேரமே உறங்கி இரு வாரங்கள் கழித்தோரைப் பற்றிய 2003-ஆம் ஆண்டு ஆய்வு மற்றோர் உண்மையைக் காட்டியது: அவர்களது திறன் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது, அவர்களோ அதைப் பெரும்பாலும் உணரவே இல்லை. தான் தெளிவாக இருப்பதாகவே உறங்காதவன் நம்புகிறான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

1914-இல் மோன்ஸ் நகரிலிருந்து பின்வாங்கிய பிரிட்டானிய வீரர்கள், நடந்துகொண்டே உறங்கினர். சாலையோரத்தில் இல்லாத உருவங்களைக் கண்டனர். விடுமுறையில் வந்த நம் பங்கைச் சேர்ந்த படைவீரர் ஒருவரும், மூன்று இரவு காவலுக்குப் பின் பனிமேட்டின்மேல் தம் வீட்டுத் திண்ணையைக் கண்டதாக நம்மிடம் சொன்னார். "அப்போது அது பொய்யென்று தோன்றவே இல்லை, சாமி" என்றார் அவர்.

சாமுவேல் முதல் நூலில் சவுல் அரசன் செய்த பிழையை நாம் அறிவோம். மாலைவரை எவனும் உண்ணலாகாது என்று ஆணையிட்டுப் படையைச் சோர்வடையச் செய்தான். தேனைச் சிறிது சுவைத்த யோனத்தானின் கண்கள் தெளிந்தன. மற்றவர்களோ, பசி மீறியபோது திருச்சட்டத்தையே மறந்து, இறைச்சியை இரத்தத்தோடு உண்டனர். தவறியது படையானாலும், தவறுக்கு வித்திட்டது தலைவனின் ஆணையே!

அன்பர்களே, இஃது படைவீரர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. அரியலூரில் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றி இரவிலே லாரி ஓட்டுபவரும் நம் பிள்ளையே. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் திறனுக்கு ஒப்பாகும் என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் கண்டனர். நம் நாட்டில் வாகனம் ஓட்டுவோர்க்குச் சட்டம் விதித்துள்ள எல்லையோ 0.03 விழுக்காடு. மது அருந்தியவனைத் தடுக்கும் நாம், உறங்காதவனிடம் இன்னும் ஒரு நடை போய்வா என்கிறோம்.

ஆகவே, வேலை வாங்குவோரே, சவுலின் ஆணையை இடாதீர். பெற்றோரே, தேர்வுக்கு முந்தின இரவு பிள்ளையின் புத்தகத்தை மூடிவையுங்கள். காலையில் இரண்டு இட்டிலியாவது உண்ணச் செய்து அனுப்புங்கள். குடும்பத்திலே பெரிய முடிவு ஒன்று எடுக்க வேண்டுமா? உண்டு, உறங்கி, விடிந்தபின் எடுங்கள். உணவும் உறக்கமும் சோம்பேறிக்குத் தரும் சலுகை அல்ல; அறிவுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.