தலையில் பந்து பட்ட பிள்ளை ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னால்

மட்டை பிடித்து நிற்பவரின் உடலையொட்டி வேகமாகப் பந்து வீசி, அவரைப் பின்வாங்கச் செய்வது கிரிக்கெட்டிலும் சாஃப்ட்பாலிலும் நெடுநாளாக உள்ள உத்தியாகும். சாஃப்ட்பாலில் வீசிய பந்து உடலில் பட்டால், மட்டையாளர் முதல் தளத்திற்குச் செல்ல அனுமதிக்கப்படுகிறார். கிரிக்கெட்டில் அச்சலுகையும் இல்லை. எந்த விதியாயினும், பட்ட அடியின் வலியைப் பிள்ளையே தாங்க வேண்டியுள்ளது.

டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமுக்கும் குறைவு. கிரிக்கெட் பந்து ஏறத்தாழ 160 கிராம். பெரியோருக்கான சாஃப்ட்பால் பந்து 180 கிராம் அளவில் இருக்கும். பெயரில் மென்மை இருந்தாலும் அப்பந்து மென்மையானதன்று. டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய பிள்ளைகள் திடீரெனக் கெட்டிப் பந்துக்கு மாறும்போது, தலைக்கவசமும் கையுறையும் இல்லாமலே திடலில் இறங்கிவிடுகின்றனர். பிள்ளைகளின் கழுத்துத் தசைகள் முழு வலுப் பெறாதவை. ஆதலால் தலையில் படும் அடி மூளையை அதிகமாகக் குலுக்குகிறது.

இந்திய அணிக்காக ஆடிய ராமன் லாம்பா, 1998 பிப்ரவரியில் டாக்காவில் நடைபெற்ற ஓர் ஆட்டத்தில் தலைக்கவசமின்றி மட்டையாளருக்கு மிக அருகில் நின்றிருந்தார். அடித்த பந்து அவர் தலையில் பட்டது. அவர் எழுந்து தாமாகவே திடலை விட்டு நடந்து சென்றார். பின்னர் நிலைமை மோசமாகி நினைவிழந்தார். அறுவை மருத்துவம் செய்தும் மூன்றாம் நாள் உயிரிழந்தார்.

எழுந்து நடந்தவருக்கு இவ்வாறு நேர்வது எப்படி? மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே இரத்தக்குழாய் கிழிந்தால், இரத்தம் சிறிது சிறிதாகவே சேரும். அது மூளையை அழுத்தத் தொடங்கும்வரை அடிபட்டவர் பேசுவார், நடப்பார், உணவும் கேட்பார். இந்த இடைவெளி சில நிமிடங்களாகவோ பல மணி நேரமாகவோ இருக்கலாம். நெற்றிப்பொட்டில் எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தில் இரத்தக்குழாய் ஓடுகிறது. எனவே அங்குப் படும் அடியை ஒருபோதும் சிறிதாகக் கருதலாகாது.

கீழ்க்காணும் அறிகுறிகளுள் ஒன்று தோன்றினாலும் உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்:

• சிறிது நேரமேனும் நினைவிழத்தல், வலிப்பு
• மீண்டும் மீண்டும் வாந்தி
• நேரம் செல்லச் செல்லக் கூடும் தலைவலி
• எழுப்பினாலும் எழாத மயக்கம், குழறும் பேச்சு, ஆளையோ இடத்தையோ அறியாமை
• கை அல்லது கால் வலுவிழத்தல், இரு கண்மணிகளும் வெவ்வேறு அளவில் தோன்றுதல்
• மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ நீர் போன்ற திரவம் அல்லது இரத்தம் வடிதல்

கல்வராயன் மலையில் வாழ்வோர் இன்னொன்றையும் கருத வேண்டும். மலைச்சிற்றூரிலிருந்து வளைவுப் பாதையில் கள்ளக்குறிச்சிக்கு இறங்க நேரமாகும். இரவில் அது மேலும் கடினம். ஆகவே கெட்டிப் பந்து தலையில் பட்ட பிள்ளையை, அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும், பொழுது சாயும் முன் மருத்துவரிடம் காட்டுவது நலம். உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் பயிலும் பிள்ளையாயின், அடிபட்ட செய்தியை விளையாட்டு ஆசிரியர் விடுதிக் காப்பாளருக்கும் பெற்றோருக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும். திடலில் நிகழ்ந்தது விடுதிக்குத் தெரியாமற்போனால், இரவில் அப்பிள்ளையைக் கவனிக்க எவரும் இருக்கமாட்டார்.

அடிபட்ட பிள்ளையை உறங்கவே விடக்கூடாது என்பது சரியன்று. மருத்துவர் பார்த்து அனுப்பிய பிள்ளை உறங்கலாம். பெரியவர் ஒருவர் அருகிலிருந்து, மருத்துவர் கூறியபடி இடையிடையே கவனித்தால் போதும். வலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் ஆகியவற்றைத் தாமாகக் கொடுக்க வேண்டா. அவை இரத்தக் கசிவை மிகுவிக்கக்கூடும்.

உள்ளே இரத்தக் கசிவு இல்லாவிட்டாலும் மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்கலாம். தலைவலி, தலைசுற்றல், வெளிச்சத்தைக் கண்டு கூசுதல், மறதி, எரிச்சல், பாடத்தில் கவனமின்மை ஆகியன அதன் அடையாளங்கள். இந்நிலையில் இரண்டாம் அடி பட்டால் பேராபத்து விளையலாம். ஆதலின் ஐயமிருப்பின் அன்றைய ஆட்டம் அத்துடன் முடிந்தது என்பதே விதி. 2020 டிசம்பர் 4 அன்று கான்பெராவில் ரவீந்திர ஜடேஜாவின் தலைக்கவசத்தில் பந்து பட்டபோது, அவருக்கு மாற்றாக யுஸ்வேந்திர சஹல் களமிறக்கப்பட்டார். நாட்டுக்காக ஆடுபவரையே அமர்த்தும்போது, நம் பிள்ளையை அமர்த்துவதில் தயக்கம் எதற்கு? முதல் ஓரிரு நாள் ஓய்வு, பின் பள்ளி, அதன்பின் இலேசான ஓட்டம், இறுதியில் மருத்துவர் ஒப்புதலுடன் ஆட்டம் என்று படிப்படியாகத் திரும்ப வேண்டும்.

மார்பில் படும் பந்து அரிதாக இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். 2015 ஜூலையில் இங்கிலாந்தில் நடைபெற்ற பிரித்தானியத் தமிழர் கிரிக்கெட் லீக் ஆட்டமொன்றில், மார்பில் பந்து பட்ட தமிழ் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். இதயத்துடிப்பின் குறிப்பிட்ட ஒரு கணத்தில் அடி விழுந்தால், இதயம் சீராகத் துடிக்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்கும். மார்பில் அடிபட்டுச் சரிந்தவர் அசைவின்றி, இயல்பாக மூச்சு விடாமல் இருந்தால் தண்ணீர் தெளித்துக் காத்திராதீர்கள். ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றொருவர் நடுமார்பில் உள்ளங்கையை வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை வேகமாக அழுத்த வேண்டும். உதவி வரும்வரை நிறுத்தலாகாது.

கண்ணில் பட்டால் கசக்கவோ அழுத்தவோ மருந்து இடவோ வேண்டா. தலையை உயர்த்தி வைத்து, உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

தடுப்பு முறைகள் எளியவை. கெட்டிப் பந்தாயின் முகக்கம்பி உள்ள தலைக்கவசம் கட்டாயம். சிறுவர்க்கு எதிரே வயதில் மூத்தவர் முழு வேகத்தில் வீசலாகாது. உடலைக் குறிவைத்து வீசுவதை இளம் வயதில் பயிற்றுவிக்க வேண்டா. பந்திலிருந்து முகத்தைத் திருப்பி விலகும் முறையை முதலில் பயிற்றுவியுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, அணியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று அஞ்சி அடியை மறைக்கும் பிள்ளைகள் பலர். அடிபட்டதைச் சொன்ன பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். அடுத்த முறையும் அது உங்களிடம் சொல்ல வேண்டும்.