எழிலெழுத்தும் தெளிவும்

முன்னேஸ்வரக் கோயிலுக்குக் கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு 15ஆம் நூற்றாண்டில் அளித்த கொடையைத் தமிழ்க் கல்வெட்டொன்று கூறுகின்றது. பிற்காலத்தாரும் படித்தறிய வேண்டுமென்றே அது கல்லிற் பொறிக்கப்பெற்றது. எழுத்தின் முதற்பயன் அதுவன்றோ?

ஆயினும், எழுத்துக்கு எழிலும் வேண்டும். கூரிய எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடாதிருக்க நம் முன்னோர் புள்ளியை விடுத்தனர், வளைவை விரும்பினர். 1501ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூசியஸ் என்பார், கையெழுத்தைத் தழுவிய சாய்வெழுத்தில் வேர்ஜிலின் கவிதைகளை அச்சிட்டார். இன்று கணினியிலும் கையெழுத்துச் சாயல் கொண்ட எழுத்துருக்கள் பல உள.

சென்ற ஆண்டு அத்தகைய எழுத்தில் அச்சிட்ட மண அழைப்பிதழொன்று எனக்கு வந்தது. கொடிபோற் சுழன்ற எழுத்துகளில் மயங்கி, 11 என்பதை 17 எனப் படித்துவிட்டேன். பரிசுடன் சென்றபோது பந்தலையும் பிரித்திருந்தனர்!

மாணவர்களே, மணமக்கள் பெயருக்கும் நூலின் தலைப்புக்கும் எழிலெழுத்தைச் சூட்டுங்கள். நாள், நேரம், இடம், நெடிய பத்தி ஆகியவற்றைத் தெளிந்த நேரெழுத்தில் இடுங்கள். உறைமேல் எழுதும் பெயரையோ உங்கள் கையாலேயே எழுதுங்கள். அன்பை உணர்த்த அதனினும் சிறந்த எழுத்துரு இல்லை.