மலையைக் கடக்கும் ஒளி

கேமரன் மலைக்கு ஏறும் தாப்பா ரோட்டின் வளைவுகளில் தலைசுற்றி, ரிங்லெட்டைத் தாண்டினால் ஏரி தெரியும். 1963இல் சுல்தான் அபு பக்கார் அணை தேக்கிவைத்த பெர்த்தாம் ஆற்று நீர். சும்மா விட்டிருந்தால் கிழக்கே இறங்கிப் பகாங்கில் ஓடியிருக்கும். மலையைக் குடைந்து மேற்குச் சரிவுக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே, நிலத்தடியில் இருக்கும் ஜோர் நிலையத்தில் அது மின்சாரமாகிறது.

பெரிய வேலைதான். ஆனால் ஏரியைப் பார்க்கும் கண்ணுக்குள் படைத்தவன் இதைவிட நுட்பமாகச் செய்து வைத்திருக்கிறான். விழித்திரையின் ஏறக்குறைய 10 கோடி செல்கள் ஒளியை மின்துடிப்பாக்க, சுமார் 10 லட்சம் இழைகள் கொண்ட பார்வை நரம்பு அதைச் சுமக்கிறது. பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே இரு நரம்புகளும் சந்திக்கின்றன. மூக்கோர இழைகள் மட்டும் எதிர்ப்பக்கம் தாவும். பொட்டோர இழைகள் தம் பக்கமே போகும். இத்தனை இழைகளும் தம் வழியைக் கண்டுகொள்வதுதான் எனக்கு வியப்பு.

எங்கே அடைத்தது என்பதை இருளின் வடிவமே காட்டிக்கொடுக்கும். கண்புரை, ஏரியில் வண்டல் கலங்கியது போல. லென்ஸை மாற்றினால் தெளியும். மெத்தனால் கலந்த சம்சு, அதாவது கள்ளச்சாராயம், நரம்பையே எரிக்கும். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது அந்த விஷம்தான். எரிந்த நரம்புக்கு லென்ஸ் போல மாற்று கிடையாது. சந்திப்பில் பிட்யூட்டரி கட்டி அழுத்தினால் இரு ஓரமும் மறையும்: எதிரே நிற்பவர் தெரிவார், பக்கத்தில் வரும் லாரி தெரியாது.

சந்திப்பைத் தாண்டிப் பழுதானால் இரு கண்ணிலும் ஒரே பாதி போகும். ஆங்கிலேய விஞ்ஞானி வொல்லாஸ்டனுக்குச் சற்று நேரம் இது நேர்ந்தது. கதவில் எழுதியிருந்த ‘ஜான்சன்’ என்ற பெயரில் ‘சன்’ மட்டுமே தெரிந்ததாம். பயந்து ஓடாமல் யோசித்தார். நரம்புகள் பாதிதான் கடக்கின்றன என்று 1824இல் எழுதினார்.

கடைசி நிலையம் பின்மண்டை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்ணின் கை எட்டுமுன்பே முற்றலையும் தளிரையும் பிரித்துவிடுவது அங்கே தொடங்கும் வேலை. பக்கவாதம் இரு பக்கமும் அதைத் தாக்கினால், கண் பளிச்சென்றிருக்கும். டாக்டர் டார்ச் அடித்தால் பாவை சுருங்கும், ஏனெனில் அந்த வேலைக்கான இழைகள் பாதி வழியிலேயே பிரிந்துவிட்டன. ஒளி வந்ததைக் கண் அறிகிறது. அந்த மனிதருக்கோ எதிரில் டாக்டரும் இல்லை, டார்ச்சும் இல்லை.