சித்திரைத் தேரும் சுகாதார இலாகாவும்

ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியைப் பார்த்தவர்கள் அநேகர் உண்டு. ரயிலிலும் மோட்டாரிலும் வந்து, பரமபத வாசலைக் கடந்து, சூடாக ஒரு காபி சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பி, "ஸ்ரீரங்கத்தைப் பார்த்துவிட்டோம்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் பார்த்தது பாதி ஸ்ரீரங்கந்தான் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம். மற்றப் பாதியைப் பார்க்க வேண்டுமானால் சித்திரைத் தேருக்குப் போக வேண்டும். விருப்பன் திருநாள் என்று பெயர் பெற்ற இந்தத் திருவிழா கிராமத்து ஜனங்களுடையது. லால்குடி, மணச்சநல்லூர், முசிறிப் பக்கங்களிலிருந்தெல்லாம் குழந்தை குட்டிகளோடு வந்து, கிடைத்த இடத்தில் படுத்து எழுந்து, காவிரியில் முழுகி, வடம் பிடித்துவிட்டுத்தான் திரும்புவார்கள்.

தேர் வருகிற காலமோ சித்திரை மாதம். கத்திரி பிறந்தும் பிறவாததுமான சமயம். திருச்சிராப்பள்ளியின் வெயிலைப் பற்றி நேயர்களுக்கு நாம் விஸ்தரிக்க வேண்டியதில்லை. மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் வாங்கிய உஷ்ணத்தை இரவெல்லாம் ஊருக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். உஷ்ணமானி 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவது இந்த ஊரில் ஒரு செய்தியே அல்ல. இரண்டு நதிகளுக்கு நடுவே இருக்கும் ஸ்ரீரங்கத்தில் காற்றில் ஈரமும் கூட இருப்பதால், உடம்பில் வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். ஆகையால், உஷ்ணமானி காட்டும் எண்ணைக் காட்டிலும் உடம்பு படும் பாடு அதிகம்.

ஒரு சித்திரைத் தேரன்று நாம் வடக்குச் சித்திரை வீதியில் ஒரு திண்ணையோரமாக ஒதுங்கி நின்றுகொண்டிருந்தோம். எதிரே ஒரு மூதாட்டி, சுமார் 70 வயதிருக்கும், நடந்து வந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் ஏதோ சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கினாள். "சாமி வந்திருக்கிறது" என்றார் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர். இன்னொருவர் ஓடிப்போய் சோடா வாங்கி வந்து வாயில் ஊற்றப் போனார். அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தாள் ஒரு நர்ஸ் பெண்.

"ஐயா, வாயிலே ஒண்ணும் ஊத்தாதீங்க. நினைவில்லாதவங்களுக்குப் புரையேறிடும். அந்தத் தண்ணியை மேலே ஊத்துங்க. பாட்டி! என்னைப் பாருங்க, பாட்டி!" என்று சொல்லிக்கொண்டே, மூதாட்டியை நிழலுக்கு நகர்த்தச் செய்து, தலையிலும் கழுத்திலும் கக்கத்திலும் நனைந்த துண்டைப் போட்டு, நம் கையிலிருந்த பத்திரிகையைப் பிடுங்கி விசிற ஆரம்பித்தாள். (பத்திரிகையினால் உலகத்துக்கு ஏற்பட்ட நிச்சயமான பிரயோஜனத்தை நாம் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.) கால் மணி நேரத்தில் மூதாட்டி தன் பேரனுடைய பெயரைச் சரியாகச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் 108 வண்டி வந்தது.

வந்திருந்தது சாமி அல்ல, உஷ்ண அதிர்ச்சி. உடம்பின் சூடு 40 டிகிரியைத் தாண்டி, மூளை தடுமாற ஆரம்பிக்கும்போது, ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். முதலில் குளிரச் செய்ய வேண்டும், பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது வைத்திய சாஸ்திரம் கண்ட முடிவு. வண்டிக்காகக் காத்துக்கொண்டு சும்மா நின்றால், வண்டி வரும்போது நோயாளி இருக்கமாட்டார். அந்த நர்ஸ் பெண்ணுக்கு இது தெரிந்திருந்தது. சுற்றி நின்ற நூறு பேரில், நாம் உள்பட, ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

திருவிழாக் கூட்டத்தின் நடுவே சுகாதார இலாகா வந்து நிற்பது எங்கிருந்து வந்த வழக்கம்? இதற்குப் பதில் ஸ்ரீரங்கத்திலேயே இருக்கிறது. 1880-ம் வருஷம் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன். 1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜியின் தலைமையில் வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரக யாத்திரை புறப்பட்டது திருச்சியில் இவருடைய வீட்டிலிருந்துதான். 1937-ல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் மந்திரி சபை அமைத்தபோது பொது சுகாதாரமும் தேவஸ்தானங்களும் டாக்டர் ராஜன் வசம் வந்தன. அந்த மந்திரி சபை 1939-ல் நிறைவேற்றியதுதான் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம். இந்தியாவிலேயே இத்தகைய முழுமையான சட்டத்தை முதலில் செய்தது நமது மாகாணமே. இன்றைக்கும் தமிழ்நாட்டில் அது அமலில் இருக்கிறது. அதில் குடிஜலத்துக்கு ஓர் அத்தியாயம் உண்டு, கொசு ஒழிப்புக்கு ஓர் அத்தியாயம் உண்டு. சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயமே உண்டு. காலரா யாத்ரீகர்களோடு ஊர் ஊராகப் பிரயாணம் செய்த காலம் அது. வியாதி வந்த பிறகு மருந்து கொடுப்பது வேறு, வராமல் தடுப்பது வேறு என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்தார்கள்.

சீதோஷ்ணம் மாறி வருவதைப் பற்றி இன்று உலகமெங்கும் பெரிய மகாநாடுகள் நடக்கின்றன. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து எரித்து, பூமியைச் சுற்றிக் கரியமில வாயுவினால் ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டோம். அதனால் வெயில் கூடுகிறது, மழை பெய்தால் கொட்டுகிறது, இல்லாவிட்டால் பொய்க்கிறது என்கிறார்கள் விஞ்ஞானிகள். இதெல்லாம் துருவப் பனியைப் பற்றிய விஷயம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காவிரிக்கரையில் நடந்ததைச் சற்றுத் திரும்பிப் பார்க்கலாம்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. நூறு வருஷத்துக்கு மேலாகக் காணாத வறட்சி. காவிரி வெறும் மணலாய்க் கிடந்தது. அடுத்த வருஷம், 2017-ல், மாகாணமெங்கும் டெங்குக் காய்ச்சல் பரவி 23 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் படுக்கையில் தள்ளியது. அதற்கும் அடுத்த வருஷம் ஆகஸ்டு மாதத்தில் வெள்ளம். கொள்ளிடத்தின் குறுக்கே 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. ஆகஸ்டு 22-ந் தேதி இரவு, முக்கொம்பில் ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டத் தொடங்கிய மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. வறட்சி, காய்ச்சல், வெள்ளம் மூன்றும் மூன்றே வருஷங்களில்! ஒன்றுக்கு மற்றொன்றுதான் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் இவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது வாசல் வாசலாகப் போனவர்கள் ஒரே இலாகாவின் சிப்பந்திகள்தாம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

டெங்குவைப் பற்றி ஒரு தப்பபிப்பிராயம் உண்டு. மழை பெய்தால்தான் கொசு என்று நினைக்கிறோம். ஏடிஸ் கொசு அப்படிப்பட்டதல்ல. சாக்கடை ஜலம் அதற்குப் பிடிக்காது. நல்ல ஜலந்தான் வேண்டும். அதிலும் வீட்டுக்குள்ளேயே வேண்டும். குழாயில் தினம் தண்ணீர் வந்தால் யார் பீப்பாயில் பிடித்து வைக்கப் போகிறார்கள்? தண்ணீர் வராத ஊரில்தான் குடம், அண்டா, தொட்டி, பிளாஸ்டிக் பீப்பாய் எல்லாம் நிரம்பி நிற்கின்றன. ஆகையால் மழைக் காலத்தில் மட்டுமின்றி வறட்சிக் காலத்திலும் அது சுகமாக வாழ்கிறது. அதன் முட்டையோ தொட்டியின் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு, ஜலமே இல்லாமல் பல மாதங்கள் காத்திருக்கும். மறுபடி ஜலம் ஏறினால் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் கொசுவாகிப் பறந்துவிடும். வெப்பம் சற்று ஏறினால் அந்த நாட்களும் குறையும். கொசுவின் வயிற்றுக்குள் விஷக்கிருமி முதிர்வதும் துரிதமாகும். வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, உட்புறத்தை நாரால் தேய்த்துக் கழுவச் சொல்வதன் காரணம் இதுதான். தெருவில் புகை அடித்துக்கொண்டு போகிறார்களே, அது பறக்கிற கொசுவைக் கொல்லுமே ஒழியத் தொட்டியில் நெளிகிற புழுவை ஒன்றும் செய்யாது. நமக்கோ புகையைப் பார்த்தால்தான் சர்க்கார் வேலை செய்கிறது என்ற திருப்தி!

வீடு வீடாகப் போய்த் தொட்டியை எட்டிப் பார்க்கும் பணியாளர்களில் பெரும்பாலோர் தினக்கூலிக்கு வேலை செய்யும் பெண்கள். ஜனங்களுக்கு, "பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை வெயிலில் வராதீர்கள்" என்று அறிவிப்புச் செய்கிற இலாகா, இவர்களை அந்த வெயிலிலேதான் அனுப்பி வைக்கிறது. இது நமக்குச் சம்மதமில்லை. காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமக்கிறவர்கள், ரோடு போடுகிறவர்கள், வயலில் நாற்று நடுகிறவர்கள் ஆகிய எல்லாருக்குமே இந்தக் கஷ்டம் உண்டுதான். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிலையத்தார் 800 கர்ப்பிணிப் பெண்களைப் பல வருஷம் கவனித்து 2024-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். வெப்பத்தில் வேலை செய்யும் கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு என்பது அதன் சாரம். இதைக் கர்ப்பிணியிடம் சொல்லக்கூடியவர் யார்? மாதந்தோறும் அவள் வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரே. ஆனால் சொன்னால் மட்டும் போதுமா? கூலி போய்விடும் என்றால் அவள் வேலைக்குப் போகத்தான் போவாள்.

தமிழ்நாட்டுச் சர்க்கார் 2024-ம் வருஷம் அக்டோபரில் வெப்ப அலையை ஒரு பேரிடர் என்று அறிவித்தது. வெப்பத்தினால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. மெச்சத்தக்க காரியம். ஆனால் வெப்பத்தினால்தான் இறந்தார் என்று எழுதித் தருவது யார்? சித்திரை வெயிலில் சுருண்டு விழுந்தவருடைய சான்றிதழில் 'மாரடைப்பு' என்று ஒரு வார்த்தை விழுந்தால் கணக்கு முடிந்தது. கணக்கில் வராத வியாதிக்குப் பணம் ஒதுக்குவார் இல்லை.

ஆமதாபாத் நகரத்தில் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டார்கள். 2010-ம் வருஷம் மே மாதத்தில் அங்கே கடும் வெயில் அடித்தபோது, வழக்கத்தைவிட ஆயிரத்து முந்நூறுக்கு மேல் அதிகமான மரணங்கள் நேர்ந்தன. அதைக் கண்டு திடுக்கிட்ட நகரசபையார், 2013-ல் ஒரு வெப்பத் தடுப்புத் திட்டம் வகுத்தார்கள். வானிலை நிலையத்திலிருந்து முன்னெச்சரிக்கை வந்தவுடன் ஆஸ்பத்திரிகளில் பனிக்கட்டி தயாராக இருக்கும். பூங்காக்கள் பகலெல்லாம் திறந்திருக்கும். குடிசைகளின் தகரக் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பார்கள். இதனால் வருஷத்துக்கு ஆயிரம் உயிர்களுக்கு மேல் காப்பாற்றப்பட்டதாகப் பின்னால் ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டார்கள். சுண்ணாம்பும் பனிக்கட்டியும் திருச்சிக்கு எட்டாத அபூர்வ வஸ்துக்களா என்ன?

இன்னும் ஒரு சௌகரியம் நமக்கு உண்டு. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாகப் பிரியச் செய்கிறவை. கோடையில் அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் நீர் வறளும் அபாயம் அதிகம். மாத்திரையைக் கொண்டுவந்து கொடுக்கிற கையே, "பாட்டி, டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள், ஆனால் இந்த மாதம் அவரை ஒருதரம் பாருங்கள்" என்று எச்சரிக்கையையும் கொடுக்கலாம். இதற்குப் புது இலாகா வேண்டாம். புதுக் கட்டடம் வேண்டாம்.

வெள்ளக் காலத்து வேலை இன்னொரு விதம். ஆற்றில் தண்ணீர் ஏறும்போது சாக்கடையும் குடிஜலமும் சிநேகமாகிவிடுகின்றன. அப்போது குழாய் ஜலத்தைச் சிறு கண்ணாடிக் குப்பியில் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பார் சுகாதார ஆய்வாளர். மஞ்சள் வந்தால் குளோரின் இருக்கிறது, வராவிட்டால் இல்லை. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது கடைசி வீட்டுக் குழாயில் மிஞ்சி இருக்க வேண்டும் என்பது விதி. தொட்டியடியில் இருந்தால் போதாது, கடைசி வீட்டில் இருக்க வேண்டும். எளிய பரீட்சை. ஆனால் இந்தக் குப்பியைக் கையில் எடுத்தவர்கள் தூங்கிவிட்டால், காலராவையும் டைபாய்டையும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் சந்திக்க வேண்டும்.

மாநகராட்சியில் குப்பை அள்ளுவதும் சுகாதாரப் பிரிவின் பொறுப்பே. அரியமங்கலத்தில் சுமார் 47 ஏக்கரில் பல காலமாகக் குப்பை மலைபோல் குவிந்து, கோடைதோறும் தீப்பிடித்துப் புகைந்த கதை திருச்சிவாசிகளுக்குத் தெரியும். அந்தப் புகையினால் குழந்தைகளுக்கு இருமல். புகையாத நாளில் அழுகும் குப்பையிலிருந்து கிளம்பும் மீதேன் வாயுவோ, கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்குகிறது. வீட்டிலேயே வாழையிலையையும் காய்கறித் தோலையும் தனியாகப் பிரித்துக் கொடுத்து, அதை எருவாக்கினால், இருமலும் குறையும், சூடும் குறையும். உலக மகாநாட்டார் தேடுகிற மருந்தில் ஒரு சிட்டிகை நம் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது.

ஆஸ்பத்திரிகளும் இந்தக் குற்றத்திலிருந்து தப்பவில்லை. உலகத்தின் மொத்த வெப்ப வாயுக்களில் ஏறக்குறைய 4.4 சதவிகிதம் வைத்தியத் துறையிலிருந்து வருவதாக 2019-ல் ஒரு கணக்கு வெளியாயிற்று. மயக்க மருந்தாக உபயோகிக்கும் டெஸ்புளூரேன் என்ற வாயு, எடைக்கு எடை கரியமில வாயுவைவிட இரண்டாயிரம் மடங்குக்கு மேல் கெடுதல் செய்வது என்று கண்டு, ஸ்காட்லாந்து தேசத்தார் 2023-ல் அதை நிறுத்தினார்கள். நம்முடைய ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. எந்த வெயில் நோயாளியை அனுப்புகிறதோ, அதே வெயிலைக் கூரையிலே பிடித்து மின்சாரமாக்கலாம். புயலடித்துக் கம்பி அறுந்த இரவில் தடுப்பூசிப் பெட்டி கெடாமல் இருப்பதற்கும், பிரசவ அறையில் விளக்கு எரிவதற்கும் அது உதவும்.

தேர் நிலைக்கு வந்த பிறகு நாம் கீழச் சித்திரை வீதி வழியாகத் திரும்பினோம். நீர்மோர்ப் பந்தல்களில் பானைகள் காலியாகிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டு வாசலில், தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, கையில் டார்ச் விளக்கோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். "அம்மா, கொல்லைத் தொட்டியை ஒருதரம் பாத்துட்டுப் போயிடறேன்" என்றாள்.

"இன்னிக்குத் தேர், இன்னிக்குமா?" என்றாள் வீட்டுக்கார அம்மாள்.

"கொசுவுக்கு ஏதும்மா தேர்?"

அம்மாள் சிரித்துக்கொண்டே உள்ளே போய், ஒரு சொம்பு மோரோடு திரும்பி வந்தாள். அந்தப் பெண் அதை நின்றபடியே அண்ணாந்து குடித்துவிட்டு, விளக்கை ஏற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள்.